எங்கள் கார் திரைக்கு ஏன் பொட்டு?



ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து எடுத்துப் போட்ட படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "சார், டேஷ்போர்டுல அந்தத் திரைக்குக் கீழ மூணு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கே, அது எந்தச் சாமிக்கு?" என்று 1996 செட் மாணவன் ஒருவன். "பெரியம்மா கண்ணாடியில ஒட்டுற பழக்கத்துல கார்லயும் ஒட்டிட்டு மறந்துட்டாங்களா பெரியப்பா?" என்று சென்னையிலிருந்து கொழுந்தியாள் மகள்.

சாமிக்கும் இல்லை, மறதியும் இல்லை. அதை விளக்க வேண்டுமானால் போன வருஷம் ஐப்பசியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகனிடம்கூட அதை இதுவரை முழுதாகச் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்துத்தான் அவனும் தெரிந்துகொள்வான். தம்பி, கோபப்படாதே. கடைசி வரை படி. மற்றவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பதிவு நீளம்.

எங்கள் பழைய கார் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2008ல் வாங்கியது. வெள்ளை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்று கூரை முழுக்கக் காக்கை எச்சம் வாங்கிய வண்டி. அதில் ஏ.சி.க்கு மூன்றே மூன்று உருண்டைக் குமிழ்கள். இடது குமிழ் காற்று எங்கே வரணும் என்பதற்கு, நடுக்குமிழ் சூடா குளிரா என்பதற்கு, வலது குமிழ் காற்று எவ்வளவு வேகம் என்பதற்கு. பக்கத்தில் ஒரு ஏ.சி. பட்டன், அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகும். பதினைந்து வருஷத்தில் அந்தக் குமிழ்களை நான் கண்ணால் பார்த்தது பத்துத் தடவை இருக்குமா? கை தானாகப் போகும். இடது குமிழை வலது கோடி வரை திருகினால் காற்று முன்கண்ணாடிக்கு. எத்தனை 'கட்' தாண்டியது என்பதை விரல் எண்ணிக்கொள்ளும்.

கரும்பலகையில் எழுதும்போதும் அப்படித்தான். சாக்பீஸ் பெட்டி எங்கே, டஸ்டர் எங்கே என்று திரும்பிப் பார்த்தா எடுத்தேன்? முதுகைக் காட்டிக்கொண்டு எழுதும்போதே மூன்றாம் பெஞ்சில் பேசுகிறவன் யார் என்று சொல்வேன், நீங்கள் பயந்திருக்கிறீர்கள். கண்ணுக்கு வேறு வேலை இருக்கும்போது கையும் காதும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆர்மோனியம் வாசிக்கிறவர் கட்டையைப் பார்ப்பதில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படித்தவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

2023ல் வண்டிக்கு ஆர்.சி. முடிந்தது. பதினைந்து வருஷம் ஆனதால் எஃப்.சி. காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். "எதுக்குப்பா பழசுக்குச் செலவு பண்ணிக்கிட்டு? ஏர்பேக் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றான் மகன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தை பிறந்ததும் புது வண்டி வந்து நின்றது. ஆறு ஏர்பேக். பின்னால் கேமரா. நடுவில் சிலேட்டு மாதிரி ஒரு பெரிய தொடுதிரை. குமிழ் என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை. ஏ.சி., பாட்டு, விளக்கின் வெளிச்சம், கண்ணாடிப் பனி நீக்குவது எல்லாமே அந்தச் சிலேட்டுக்குள். டெலிவரி கொடுத்த பையன் முக்கால் மணி நேரம் விளக்கினான். உள்ளே இருக்கும் அலங்கார விளக்குக்கு எத்தனை நிறம் என்று மட்டும் பத்து நிமிஷம். வைப்பர் போட்டுக் காட்டச் சொன்னேன். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார், மழை வந்தா தானா ஓடும்" என்றான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் "சாருக்கு வயசாச்சு, டெக்னாலஜி ஒத்து வரல" என்று நினைத்துவிடக் கூடாது. நம் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது உறையைக் கழற்ற எல்லோரும் பயந்த நாளில், கழற்றி ஓட்டிக் காட்டியவன் நான். கரண்ட் பில், ஓய்வூதிய வாழ்நாள் சான்று எல்லாம் போனில்தான். இந்தப் பதிவையும் நானே தட்டச்சு செய்கிறேன். அந்தப் பின்கேமராவைக் கும்பிடுவேன். கழுத்துத் திரும்பாதவனுக்கு அதைவிட உபகாரம் வேறில்லை. ஆக, திரை என்றாலே எனக்கு ஆகாது என்பதில்லை.

இனி அந்த நாள். வீட்டம்மாவுக்குக் கண்ணில் பிரஷர், கிளாக்கோமா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும். கோவில்பட்டியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். நாலுவழிச் சாலைதான். ஏழெட்டு வருஷமாக நானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாப்பா விரிய மருந்து விட்டுச் சோதித்தார்கள். மருந்து விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எதுவும் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பினோம். விருதுநகரில் ஒரு காபி. பரோட்டாவுக்கு அனுமதி இல்லை.

எட்டூர்வட்டம் டோல்கேட் தாண்டும்போது தூறல். சாத்தூர் தாண்டியதும் சட்டி சட்டியாக ஊற்றியது. இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நனைந்திருந்ததால் அவளுக்குக் குளிர் எடுத்தது. "அந்த ஏ.சி.யக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றாள். நிறுத்தினேன். அதற்கே திரையை இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது.

நான் செய்த தப்பு அதுதான். முப்பத்து நாலு வருஷம் இயற்பியல் எடுத்தவன், பனிநிலை பற்றி எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்! மழை, வெளிக்கண்ணாடியைக் குளிர்விக்கும். உள்ளே இரண்டு பேர் மூச்சு, ஈரச் சேலை, காலடியில் சொட்டும் குடை. அத்தனை ஈரமும் காற்றில் ஏறும். ஏ.சி. ஓடும் வரை அது காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே விடும். அதை நிறுத்திவிட்டு ஜன்னலையும் மூடி வைத்தால், ஈரம் போய் உட்காரக் கிடைக்கும் முதல் குளிர்ந்த இடம் முன்கண்ணாடிதான். இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, கண்ணாடியின் கீழ்ப்பாதி வெள்ளையாகிவிட்டது. எதிர்வண்டி விளக்கு பட்டதும் முழுக் கண்ணாடியும் பால் ஊற்றியது மாதிரி ஆனது.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். பழைய வண்டியில் இடது குமிழ் ஒரு திருகு, பட்டன் ஒரு அழுத்து, இரண்டே விநாடி. கை அனிச்சையாக அந்த இடத்துக்குத்தான் போனது. அங்கே வழவழவென்று கண்ணாடிதான் இருந்தது.

திரையில் போனின் மேப் முழுசாக விரிந்திருந்தது. ஏ.சி. பக்கம் அதற்குப் பின்னால். ஓரத்தில் ஒரு சின்னப் படத்தைத் தட்ட வேண்டும். தட்டினேன். எடுக்கவில்லை. மறுபடி தட்டினேன். மேப் பெரிதானது. தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தேன். இப்போது சீட்டுக்குக் காற்று விடும் பக்கம் திறந்திருந்தது. அவளிடம், "முன்கண்ணாடி மாதிரி வளைஞ்ச படம் இருக்கா பாரு" என்றேன். "எனக்கு வெளிச்சம் மட்டுந்தாங்க தெரியுது" என்றாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைக்க முயன்றாள். துடைத்த இடம் பட்டை பட்டையாக இன்னும் மோசமானது. லேன் மாறுகிறேன் என்று வண்டி 'பீப் பீப்' என்று கத்தியது. பின்னால் லாரி ஹார்ன்.

தலையைத் தூக்கினேன். துடைத்த ஒரு பட்டைக்குள் ஒரு சைக்கிள். சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் சாலையின் பாதியில் நிற்கிறார். விளக்கு கிடையாது. அவர் கண் என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அந்த அளவு பக்கம்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. அவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு பெஞ்சு போடலாம், அவ்வளவுதான் இடைவெளி. லாரிக்காரர் வலது பக்கம் ஒடித்துக்கொண்டு போனார். அவர் மட்டும் அதைச் செய்யாதிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இல்லை. சைக்கிள்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கி இருட்டுக்குள் போய்விட்டார்.

ஓரத்தில் நிறுத்தி ஹசார்டு விளக்கைப் போட்டேன். அதற்கு மட்டும் நல்லவேளையாகத் தனிப் பட்டன் இருந்தது. நாலு கதவுக் கண்ணாடியையும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கிவிட்டேன். மழை உள்ளே அடித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது. என் கைதான்.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். கண்ணைத் திரையில் வைத்த நேரம் ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டாலும், தடவைக்கு 33 மீட்டர். மூன்று தடவை பார்த்தேன். நூறு மீட்டர் தூரம் வண்டியைக் குருடன் ஓட்டியிருக்கிறான். இந்தக் கணக்கைத்தான் பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதமே உங்களுக்குக் கொடுப்பேன். இதே விடைதான் வரும்.

மகனிடம், "மழை ஜாஸ்தி, மெதுவா வந்தோம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் நான் மதுரைக்கு ஓட்டவில்லை. முட்டி வலி என்றேன். மதினி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொண்டு வந்தேனே, அதற்கும் காரணம் இதுதான். அங்கே பந்தியில் ஒரு மருமகப்பிள்ளை "மாமாவுக்கு டச் ஸ்கிரீன் பிடிபடல போல" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மாசி மாதம் காட்ட வேண்டிய தேதிக்கு டிரைவர் கடைசி நிமிஷத்தில் வர முடியாது என்றுவிட்டார். பஸ்ஸில் போகலாம் என்றேன். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வாரம் ஒரு துக்கவீடு. அப்படியே ஐந்து வாரம் தள்ளிப்போனது. நடுவில் மருந்தும் தீர்ந்து நாலு நாள் விடாமல் இருந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. போய்க் காட்டியபோது இடது கண்ணில் பிரஷர் ஏறியிருந்தது. "கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது சார், உங்களுக்குத் தெரியாததா" என்றார் டாக்டர். அவர் நம் மாணவி இல்லை, ஆனால் நான் கை கட்டி நின்றேன்.

அன்றைக்கு ராத்திரிதான் இது எனக்கு மட்டும் உள்ள கோளாறா என்று தேட ஆரம்பித்தேன். இல்லை என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கியது.

2022ல் ஸ்வீடனில் வி பீலெகாரே என்ற கார் பத்திரிகைக்காரர்கள் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். பதினொரு புதுக் கார்கள். கூடவே பட்டன்களும் குமிழ்களும் உள்ள 2005ஆம் வருஷத்துப் பழைய வால்வோ ஒன்று. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ரேடியோ மாற்று, சீட் சூட்டைக் கூட்டு என்று சின்னச் சின்ன வேலைகள். பழைய வண்டியில் பத்து விநாடி, 306 மீட்டருக்குள் எல்லாம் முடிந்தது. இருப்பதிலேயே மோசமான புது வண்டியில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். வண்டி ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது!

ஜெர்மனியில் ஒருவர் கதை என் கதையேதான். நல்ல மழை. அவருடைய மின்சாரக் காரில் வைப்பர் வேகத்தைக் கூட்டக் குறைக்கத் திரைக்குள் போக வேண்டும். போனார். வண்டி சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. 2020ல் கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றம் அவருக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் விதித்தது சரியே என்று சொன்னது. காரோடு பொருத்தியிருந்தாலும் திரை திரைதான், ஓட்டும்போது போனை நோண்டுவதற்கு உள்ள சட்டமே இதற்கும் என்பது தீர்ப்பு. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் வைப்பரைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தவருக்கு ஒரு யூரோகூட அபராதம் இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.

கப்பலிலும் நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் பக்கம் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் கட்டுப்பாட்டை ஒரு தொடுதிரையிலிருந்து பக்கத்துத் திரைக்கு மாற்றும்போது குழம்பிவிட்டார்கள். பயிற்சிக் குறைவு, தூக்கமின்மை என்று வேறு காரணங்களும் விசாரணையில் வந்தன. ஆனாலும் அதற்கப்புறம் அந்தக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தத் திரை வேண்டாம், கையால் பிடித்துத் தள்ளும் கைப்பிடியே வேண்டும் என்று முடிவு செய்தது. போர்க்கப்பல் ஓட்டுகிற வாலிபர்களுக்கே அந்தக் கதி. எனக்கு 69.

வயது என்றதும் ஒரு விஷயம். என் கண்ணாடி புரோகிரசிவ் லென்ஸ். மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு, நடுவில் கை நீளத்துக்கு ஒரு ஒடுங்கிய பட்டை. கார்த் திரை சரியாக அந்த ஒடுங்கிய பட்டைக்குள்தான் விழும். மோவாயைத் தூக்கி, அந்தப் பட்டைக்குள் எழுத்தைப் பிடித்து, மறுபடி மோவாயை இறக்கிச் சாலையைப் பிடிக்க வேண்டும். விழிலென்ஸ் இளமையில் தானாக வளைந்து கொடுக்கும், எங்கள் வயதில் விறைத்துவிடும். இன்னொன்று, இந்தத் திரை வேலை செய்வது மின்தேக்குத்திறனில். நிலைமின்னியல் பாடத்தில் வந்ததுதான். விரல் அருகே வந்தால் மின்தேக்குத்திறன் மாறும், அந்த மாற்றத்தைத் திரை உணரும். தோல் காய்ந்து தடித்திருந்தால் மாற்றம் குறைவு. முப்பத்து நாலு வருஷம் சாக்பீஸ் பிடித்த விரல், சொல்ல வேண்டுமா? நான் தட்டியது எடுக்காததற்கும், நான் தட்டவே தெரியாதவன் என்று பேரன் சிரிப்பதற்கும் அதுதான் காரணம்.

"குரல்ல சொல்லுங்கப்பா, அதுவே செய்யும்" என்று மகன் சொன்னான். சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். நம் கரிசல்காட்டு ஆங்கிலம் அதற்குப் பிடிபடவில்லை. கண்ணாடிப் பனியை நீக்கச் சொன்னேன், அது என் சம்பந்திக்குப் போன் போட்டது. சம்பந்தியும் எடுத்து, "என்ன சம்பந்தி, ராத்திரி நேரத்துல?" என்று பதறினார்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கார்த் தொழிற்சாலையில் இருக்கும் நம் மாணவன் ஒருவனைக் கேட்டேன். பேர் வேண்டாம். "சார், ஒரு பட்டன்னா அதுக்கு அச்சு, ஒயர், கனெக்டர், டெஸ்டிங் எல்லாம் வேணும். இருபது பட்டனை எடுத்துட்டு ஒரு திரையில படமா வரைஞ்சா செலவு மிச்சம். எல்லா மாடலுக்கும் அதே திரைய மாட்டிக்கலாம். ஷோரூம்ல வர்றவங்களும் திரை எத்தனை இஞ்ச்னுதான் கேக்குறாங்க" என்றான். அவன் கடைசியாகச் சொன்னது என் வாயை அடைத்தது. எங்கள் வண்டியைப் பதிவு செய்த அன்று நானும் திரையைப் பார்த்து மலைத்து நின்றவன்தானே! நின்ற வண்டியில் அது அழகாகத்தான் இருந்தது.

இப்போது பொட்டுக்கு வருகிறேன்.

எட்டயபுரம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாணவன் ஒருவன் உண்டு. பிளஸ் டூவில் இயற்பியலில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். அவனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "சார், எதையும் பாக்காம என்னால எதையெல்லாம் தொட முடியுதுன்னு பாப்போம்" என்றான். பத்து நிமிஷம் கையால் துழாவினான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. நான் நடத்தாத செய்முறை வகுப்பு அது.

முதலில் ஸ்டியரிங்கில் நட்சத்திரக் குறி போட்ட ஒரு பட்டனைக் கண்டுபிடித்தான். அதற்கு நமக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கலாமாம். முக்கால் மணி நேரம் விளக்கிய பையன் அதைச் சொல்லவே இல்லை. பனி நீக்குவதை அதில் வைக்க முடியவில்லை, ஆனால் அதை அழுத்தினால் மேப் இருந்தாலும் சரி, பாட்டு இருந்தாலும் சரி, ஏ.சி. பக்கம் திறக்கும்படி வைத்தான். அந்தப் பக்கத்தில் பனி நீக்கும் படம் எப்போதும் இடது கீழ் மூலையில்தான் வரும். திரைக்குக் கீழே விளிம்பில், அந்தப் படத்துக்கு நேராக, ஒரு ரப்பர்ப் புள்ளி ஒட்டினான். விரலை விளிம்பில் ஓட்டினால் புள்ளி தட்டுப்படும். அங்கிருந்து ஒரு கட்டை விரல் அகலம் மேலே தட்டினால் போதும். பார்க்கவே வேண்டாம்.

ரப்பர்ப் புள்ளி கோவில்பட்டி வெயிலுக்கு இரண்டே நாளில் விழுந்துவிட்டது. அப்போதுதான் வீட்டம்மா தன் பொட்டு அட்டையைக் கொண்டு வந்தாள். முதலில் வெல்வெட் பொட்டு. விரலுக்குத் தட்டுப்படவில்லை. அப்புறம் கல் வைத்த பொட்டு. முகூர்த்தத்துக்கு மட்டும் வைப்பாளே, அது. அதுதான் சரி. பனி நீக்க ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, திரையின் முதல் பக்கத்துக்குத் திரும்ப ஒன்று. மூன்று பொட்டு. படத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பங்குனி முழுக்கக் காலையில் ஷெட்டுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிப் பழகினேன். இன்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன். பட்டன், விளிம்பு, பொட்டு, தட்டு. பக்கத்து வீட்டுக்காரர் நான் காருக்குள் தூங்குகிறேன் என்று நினைத்து, வீட்டில் ஏதும் சண்டையா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். சித்திரையில் நாங்கள் இரண்டு பேருமாக மதுரைக்குப் போய் வந்தோம். பழைய குமிழ் மாதிரி 'டக்' என்று ஒன்றும் கேட்காது. எடுத்ததா இல்லையா என்று காற்றுச் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இருந்தாலும் போய் வந்தோம்.

கதை அத்தோடு முடியவில்லை. ஆடியில் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். திரும்பி வந்த அன்று ஷெட்டுக்குள் உட்கார்ந்து பழக்க தோஷத்தில் தட்டினால் சீட் காற்று ஓடுகிறது! போன் போட்டுக் கேட்டால், "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு சார், புது டிசைன், சூப்பரா இருக்கும்" என்கிறார்கள். பனி நீக்கும் படத்தை நாலு விரல் வலது பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். நாம் தூங்கும்போது ஒருவர் வீட்டுக்குள் வந்து ஸ்விட்ச் போர்டை இடம் மாற்றி மாட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? நல்லவேளை, ஷெட்டுக்குள் தெரிந்தது. பொட்டையும் நாலு விரல் நகர்த்தினோம்.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 ஜனவரியிலிருந்து இண்டிகேட்டர், ஹசார்டு, வைப்பர், ஹார்ன், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் தனி ஸ்விட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று அறிவித்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியும் முக்கியமான வேலைகளுக்குப் பட்டனைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கிறது. நல்ல சேதிதான். ஆனால் அந்த ஐந்தில் பனி நீக்குவது இல்லை பார்த்தீர்களா? மழைக்காலத்தில் சாத்தூர் ரோட்டில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலைநகரிலும் பெங்களூரிலும் கார் வேலையில் இருக்கும் மாணவர்கள் இதைப் படிப்பீர்கள். ஏழெட்டுப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டுப்பாடம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நீங்கள் செய்கிற வண்டியைக் கொண்டு வாருங்கள். உங்கள் அப்பாவையோ அம்மாவையோ கண்ணாடி போட்டு டிரைவர் சீட்டில் உட்கார வையுங்கள். வண்டி ஓட வேண்டாம், நின்றே இருக்கட்டும். அவர்கள் கண் வாசலையே பார்க்க வேண்டும். அப்படியே முன்கண்ணாடிக்குக் காற்று விடச் சொல்லுங்கள். எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். செய்முறை நோட்டில் எழுதுவது மாதிரி உள்ளது உள்ளபடி. மற்றவனைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

தம்பி, உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உனக்கே புரியும். சொன்னால் சாவியை வாங்கி வைத்துவிடுவாய் என்று பயந்தேன். இப்போதும் அந்தப் பயம் இருக்கிறது. அதனால் தீபாவளிக்கு வரும்போது நீ என் பக்கத்து சீட்டில் உட்கார். சாத்தூர் வரை போய் வருவோம். மழை பெய்தால் நல்லது. பார்த்துவிட்டுச் சொல், நீ சொல்வதைக் கேட்கிறேன்.

அடுத்த வியாழன் மதுரைக்குப் போகிறோம். அவள் இப்போதே கல் பொட்டு அட்டை புதிதாக ஒன்று வாங்கி டேஷ்போர்டு டிராயரில் வைத்துவிட்டாள். மிச்சமிருக்கும் பொட்டு தனக்கு என்றாள்.